பெரும்புள்ளி

தமிழகப் பல்கலைக்கழகங்களில் துறைக்கு ஒருவராவது காணப்படும் ஆய்வுப் பேராசிரியரை அடையாளம் காண்பது எளிது. அவருடைய அறைக்கு வெளியே பெயர்ப்பலகை நீளமாகவும் உள்ளே புத்தக அலமாரி பூட்டியும் இருக்கும். கட்டுரை, நூல், கருத்தரங்கு ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுப் பதவி உயர்வைக் கணக்கிடும் ஏபிஐ முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்ததிலிருந்து அவர் பெரும்புள்ளியானார்.

அவருக்குத் தகவல் தேடத் தெரியாது என்பவர்கள் அவரைச் சரியாகக் கவனிக்காதவர்கள். படிக்கக் கட்டுரை தேடத்தான் வராதே தவிர, கட்டுரை போட இதழ் தேடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எந்த இதழ் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது, எது எத்தனை நாளில் ஏற்புக் கடிதம் தரும், கட்டணத்தில் எவ்வளவு குறைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓர் இதழில் முந்தைய ஈராண்டுகளில் வந்த கட்டுரைகள் ஓர் ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று சொல்லும் இம்பேக்ட் ஃபேக்டரைத் தசமப் புள்ளியோடு ஒப்பிப்பார். கட்டுரைக்குள் என்ன இருக்கிறதென்று கேட்டால், "அதை நம்ம ஸ்காலர்கிட்ட கேட்டுக்குங்க" என்பார். போலி இதழ்களை ஒதுக்க மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியல் கைவிடப்பட்டதாக 2025 பிப்ரவரியில் செய்தி வந்தபோது, நெருங்கிய உறவை இழந்தவர்போல் இருந்தார்.

ஸ்காலர், அதாவது அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கும் மாணவர், ஊருக்குப் போன நாளில்தான் சிக்கல். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரிலிருந்து குரோமியம் நீக்குவதைப் பற்றிய அண்மைக் கட்டுரைகள் தேவை என்று தாசில்தாருக்கு மனு எழுதுவதுபோல் முழு வாக்கியத்தையும் தேடுபெட்டியில் அடித்து, முற்றுப்புள்ளியும் வைத்து, வரும் விடைகளில் முதல் மூன்றை மட்டும் நோட்டம் விட்டு, இதில் யாருமே ஆராயவில்லை என்று முடிவுகட்டுவார். முன்னோர் தொடாமல் விட்ட பகுதியைக் குறிக்கும் 'ஆய்வு இடைவெளி' பெரும்பாலும் இப்படித்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

சொற்றொடரை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுவதையும், 'அண்ட்', 'ஆர்', 'நாட்' என்ற இணைப்புச் சொற்களால் தேடலைச் சுருக்கி விரிப்பதையும் கற்பிக்க நூலகர் பயிலரங்கு நடத்தினால், அவர் முதல் வரிசையில் அமர்ந்து, பொன்னாடை ஏற்று, வாழ்த்துரை வழங்கி, வடை முடிந்ததும் வகுப்பு இருப்பதாகக் கிளம்பிவிடுவார். சான்றிதழ் மாலையில் அறைக்கு வந்து சேரும். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 13,000க்கும் மேற்பட்ட இதழ்களைத் திறந்துவிட்டிருக்க, அவற்றுக்குள் நுழையும் கடவுச்சொல்லும் ஸ்காலரிடமே இருக்கிறது.

1924இல் கணித ஆசிரியர் பணியிலிருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்பதை நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாக்கினார். நூலகப் பக்கமே போகாமல் நம் பேராசிரியர் அந்த விதியைக் காப்பாற்றுகிறார். பணி ஓய்வின்போது 'நோ டியூஸ்' சான்றுக்காக எல்லாத் துறையும் ஏறியிறங்கும் அவருக்கு நூலகத்தில் மட்டும் காத்திருக்கும் வேலையில்லை: அவர் பெயரில் ஒரு புத்தகமும் நிலுவையில் இல்லை.