சேவகச் சக்கரவர்த்திக்கு ஒரு வாழ்த்துமடல்

சொல்லின் செல்வரே, தலைமையாசிரியர்களுக்கே தலைமை கற்பிக்க வந்த தவப்பயனே!

எங்கள் மாவட்டத்துத் தலைமையாசிரியர்களுக்குத் தாங்கள் அருளிய ஊக்கவுரையைக் கேட்கும் பேறு அடியேனுக்கும் வாய்த்தது. காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தாங்கள் எழுந்தருளியபோது பன்னிரண்டே கால். தலைவனுக்குப் பொறுமை வேண்டும் என்பதை வாய் திறக்கும் முன்பே செய்து காட்டி விளக்கும் ஆசானை வேறு எங்கே காண்போம்! ஒருவர் தங்கள் பையைச் சுமந்து வந்தார். ஒருவர் காலர் மைக்கைப் பொருத்தினார். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து கையில் கொடுத்தார். அதன்பின் தாங்கள் திருவாய் மலர்ந்த தலைப்பு: ‘சேவகனே தலைவன்.’

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியில் நெடுங்காலம் பணியாற்றிய ராபர்ட் கிரீன்லீஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில் பிறந்த கருத்து அது. அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்த ஹெர்மன் ஹெஸ்ஸெயின் கதை ஒன்றில் பயணக் குழுவுக்கு ஏவல் செய்யும் லியோ காணாமல் போகிறான், குழுவே சிதறுகிறது. அவன்தான் தலைவன் என்பது பிற்பாடு தெரியவருகிறது. அதிகாரம் உள்ளவன் இறங்கி வந்து ஊழியம் செய்ய வேண்டும், அதனால் எளியவருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும் என்றார் கிரீன்லீஃப். பாவம், அவர் அதோடு நின்றுவிட்டார். தாங்களோ ஏற்கெனவே கீழே நிற்பவர்களை இன்னும் நாலு படி இறங்கச் சொல்லி, அந்தத் தத்துவத்தை முழுமையாக்கினீர்கள்.

தங்கள் பறவையியல் ஞானத்தை என்னென்பது! கழுகு நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகத்தைப் பிடுங்கி, 150 நாள் காத்திருந்து மறுபிறவி எடுக்கும் என்றீர்கள். அலகை இழந்த கழுகு இரை தின்ன முடியாமல் சாகும் என்பார்கள் பறவைகளை ஆராய்ந்தவர்கள். அந்தக் கழுகுகளுக்குத் தங்கள் பேச்சைக் கேட்கும் பாக்கியம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் எழுந்தார். தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் போட்ட கணக்கு. அவர் தங்கள் திருமுன் அமர்ந்திருந்த அந்த நாள் முழுவதும் ஐந்து வகுப்பையும் அவர் பள்ளியில் ஒரே ஆசிரியர் மேய்த்துக்கொண்டிருந்தார்.

“சார், கழிப்பறை கழுவ ஆள் வந்து நாலு மாசமாச்சு. நானேதான் கழுவுறேன். எமிஸ் இணையதளத்துல பள்ளி விவரம் பதியறதெல்லாம் ராத்திரி வீட்டுலதான். பாடம் எப்ப சார் நடத்துறது?”

“பிரச்சினை கழிப்பறையில இல்லம்மா, உங்க பார்வையில இருக்கு. துடைப்பத்தை எடுக்கும்போது சுமைன்னு நினைக்காதீங்க, வாய்ப்புன்னு நினைங்க” என்றீர்கள். அரங்கம் அதிரக் கைதட்டல். நாலு மாதமாக மனுக்கள் சாதிக்காததை அரை நிமிடத்தில் சாதித்த பேராற்றலே! உள்ளாட்சிக்குச் சம்பளச் செலவு இல்லை, துறைக்கு ஆள் போடும் தொல்லை இல்லை. இவ்வளவு சிக்கனமான அறிஞருக்குப் பொன்னாடை போர்த்தாத அதிகாரி உண்டா?

தங்கள் நிதானத்தையும் சொல்லியாக வேண்டும். 2024-இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் தங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர், உடற்குறையையும் வறுமையையும் முற்பிறவிப் பாவக்கணக்கில் எழுதினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து கேள்வி கேட்டார். தாங்கள் முற்பிறவி வரைக்கும் போகவேயில்லை. இந்தப் பிறவியின் மனநிலையிலேயே பழியை நிறுத்திக்கொண்டீர்கள். எத்தனை கருணை!

கடைசியில் விளக்கை அணைத்து, கண்ணை மூடச் சொல்லி, உருக்கமான இசையை ஒலிக்கவிட்டு, எங்களைத் துன்புறுத்திய எல்லோரையும் மன்னிக்கச் சொன்னீர்கள். மன்னித்தோம். சம்பளம் நின்றுபோன தற்காலிக ஆசிரியரின் நினைவு வந்து பக்கத்து இருக்கைக்காரர் விம்மினார். அந்தக் கண்ணீரைத் தங்கள் புகைப்படக்காரர் மிக அருகில் வந்து படம் பிடித்தார்.

மாலையில் அந்த அம்மாவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். தாங்கள் கையொப்பமிட்ட சான்றிதழைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்திருந்தார். அதன் பக்கத்தில் ஒரு பினாயில் பாட்டில், அப்போதுதான் எதிர்க்கடையில் சொந்தக் காசில் வாங்கியது. தங்கள் வாக்கு வீண்போகவில்லை, பெருமானே. மறுநாள் காலை வாய்ப்புக்கு வேண்டியதை அவர் கையோடு கொண்டுபோகிறார்.