தகவல் பாதுகாப்பு ஊழியரின் பிரிவொழுக்கம்: பெங்களூரை முன்வைத்து ஓர் ஆய்வு

தென் தமிழகத்து ஊர்களிலிருந்து தகவல் பாதுகாப்பு வேலைக்காகப் பெங்களூருக்குக் குடிபெயரும் இளைஞர்களைப் பற்றி இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை என்று தொடங்குவது மரபு. நிகழ்ந்திருந்தாலும் அப்படித்தான் தொடங்க வேண்டும். முன்னாய்வு உண்டு என்று ஒப்புக்கொண்டால் அதைப் படிக்க வேண்டிவரும். ஆகவே இத்துறையில் இதுவே முதல் ஆய்வு என்று பதிவு செய்யப்படுகிறது.

ஆய்வெல்லை: தெற்கே திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையம், வடக்கே பெங்களூரின் மடிவாளா. இடையிலுள்ள மதுரை, சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகியவற்றை ஆய்வாளர் தூக்கத்தில் கடந்தமையால் அவை விலக்கப்படுகின்றன.

கருதுகோள்: பிறர் தகவலைக் காக்கச் சம்பளம் வாங்கப் போகிறவர், முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே தன் தகவல் அனைத்தையும் ஊராருக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறார்.

எப்பொருளை ஆய்வதாயினும் அது பழந்தமிழ் நூல்களிலேயே இருக்கிறது என்று முதலில் நிறுவியாக வேண்டும். இல்லையேல் கருத்தரங்கில் மதிய உணவுக்கான சீட்டு கிடைக்காது. நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் இலக்கணத்தில் தலைவன் தலைவியைப் பிரிவதை ஆறாக வகுத்தார்: பரத்தை, ஓதல், காவல், தூது, துணை, பொருள். நம் தலைவனின் பிரிவு இவற்றுள் எது?

பொருள் என்பர் ஒரு சாரார். அவன் சம்பளத்தில் பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) வாடகை போக மிஞ்சுவதைக் கண்டவர்கள் அவ்வாறு சொல்லார் (அம்மா, தொலைபேசி, ஞாயிறு). காவல் என்பது நேரே பொருந்துகிறது. ஆனால் நேரே பொருந்துவதை ஏற்றுக்கொண்டால் கட்டுரை இந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும் என்பதால் அது மறுக்கப்படுகிறது. தூது எனலாம். கண்காணிப்பு மையத்தில் எல்1 எனும் முதல்நிலை நாற்காலியில் அமர்ந்து, கணக்கு முடங்கப் போகிறது, உடனே இங்கே அழுத்துங்கள் என்று வரும் மின்னஞ்சல்களை இரவெல்லாம் பிரித்துப் பார்ப்பவன் தூதின் பொருட்டுப் பிரிந்தவனே. தூது விடுபவன் அவனல்லன் என்பது மட்டுமே வேறுபாடு. துணை: வாடிக்கையாளர் நாட்டில் பகலாக இருக்கும்போது இங்கே விழித்திருத்தல். பரத்தை: வழிகாட்டியின் அறிவுரைப்படி இப்பகுதி நீக்கப்பட்டது.

எஞ்சுவது ஓதல். இங்கேதான் ஆய்வாளர் மெய்சிலிர்த்தார். கல்விக்காகப் பிரிந்தவன் மூன்றாண்டுக்கு மேல் தங்கலாகாது என்கிறது தொல்காப்பியக் கற்பியல். சி.ஐ.எஸ்.எஸ்.பி., சி.இ.ஹெச்., செக்யூரிட்டி பிளஸ் ஆகிய சான்றிதழ்கள் மூன்றும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியவை. வேந்தன் பணிக்காகப் பிரிந்தவனுக்குத் தொல்காப்பியர் தந்த காலம் ஓராண்டுக்குள். ஓராண்டு அனுபவம் சேர்ந்ததும் கம்பெனி மாறி அடுத்த வேந்தனிடம் போய்விடும் வழக்கத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் நாலு நூற்பா தள்ளிக் கிடக்கும் சொல்லை இழுத்துவந்து இங்கே கூட்டிப் பொருள் முடித்திருப்பார். இன்றைய பேராசிரியர்கள் அந்தச் சிரமமும் படுவதில்லை. தலைப்பை மட்டும் மாற்றி ஒரே கட்டுரையை நான்கு ஊர்களில் வாசிக்கிறார்கள்.

நிலம் பாலை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. இங்கே கெட்டவை ஏரியும் தோப்பும். பெள்ளந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்தது. நீரே பற்றியெரியும் பாலையை அகப்பாடல்களைத் தொகுத்தவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சிறுபொழுது நண்பகல் என்கிறது இலக்கணம். சில்க் போர்டு சந்திப்பில் அது காலை ஒன்பதும் மாலை ஆறும் என்று திருத்திக்கொள்க. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்தபின் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் தலைவன் இப்பாலையை மேலிருந்து பார்த்தபடி கடக்கிறான்.

இனி ஆய்வின் மையம்: பி.ஜி.

தலைவன் பையை இறக்கிவைத்ததும் பி.ஜி.யை நடத்தும் அங்கிள் நிகழ்த்தும் முதற்சடங்கு ஆதார் கேட்டல்.

“ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி குடு தம்பி.”

“மாஸ்க்டு ஆதார் தரலாமா அங்கிள்?”

“மாஸ்க்கெல்லாம் கொரோனாவோட போச்சுப்பா. மூஞ்சி தெளிவாத் தெரியணும், அவ்ளோதான்.” (அங்கிள், வாய்மொழி, மடிவாளா, இரண்டாம் மாடிப் படிக்கட்டு, பல் துலக்கும் வேளை.)

தலைவன் கேட்டது, 12 இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதார் நகல். அந்த நான்கிலும் இறுதியானது வெர்ஹாஃப் முறைப்படி கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம் என்பதை இங்குக் குறிப்பிடத் தேவையில்லை; ஆய்வாளருக்குத் தெரியும் என்பதற்காகக் குறிப்பிடப்படுகிறது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் மண்டல அலுவலகம் ஒன்று, ஆதார் நகலை யாருக்கும் கண்டபடி கொடுக்காதீர்கள், மறைத்த நகலைக் கொடுங்கள் என்று அறிவுறுத்தியது. தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறதென்று மே 29 அன்றே அது திரும்பப் பெறப்பட்டது. அறிவுறுத்திய அலுவலகம் இருப்பது பெங்களூரில். அங்கிளுக்கு இச்செய்தி எட்டும் முன்பே ரத்தாகிவிட்டதால், அவர் எந்தக் கட்டத்திலும் சட்டத்துக்குப் புறம்பாக நடக்கவில்லை என்பது தேறும்.

இரண்டு நகல்களுள் ஒன்று நோட்டில் ஒட்டப்படும். மற்றொன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு என்று சொல்லி ஃபிரிட்ஜின் தலைமீது வைக்கப்படும். நகலெடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூலக்கோப்பு ஜெராக்ஸ் கடைக் கணினியின் டவுன்லோட்ஸில் நிலைபெறும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 நாளிட்ட ஆணைப்படி நிறுவனங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் பேண வேண்டும். ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அங்கிளின் நோட்டு 180 நாள் வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது (அங்கிளின் நோட்டு, தாள் 3, முன்பக்கம் மட்டும்; பின்பக்கத்தில் பால் கணக்கு). கீசர் பழுதும் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்பட்டது. அதன்மீதான நடவடிக்கை இவ்வாய்வின் கால எல்லைக்குள் அடங்கவில்லை.

அடுத்து வைஃபை கடவுச்சொல். இது சமையலறை வாசலுக்கு இடப்புறம், டிபன் நேரப் பட்டியலுக்குக் கீழே, கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதி ஒட்டப்பட்டுள்ளது. சாவி தவிர மற்ற அனைத்தும் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் ஒரு மறைகுறியீட்டு முறை குலையாமல் நிற்க வேண்டும் என்று 1883இல் கெர்க்கோஃப்ஸ் எழுதினார். அங்கிள் இக்கொள்கையை வளர்த்தெடுத்து அந்தச் சாவியையும் சுவரில் ஒட்டினார்.

சுவரேட்டின் வாசகம் எட்டு இலக்கம் கொண்டது: 12, ஒரு சாம்பார்க் கறை, 45678. மறைந்த இலக்கம் 3 என்பார் பலர். ஒன்றும் இரண்டும் வந்தால் அடுத்து மூன்று வரும் என்பது பாமரர் எண்ணம். பதிப்பாசிரியர் அவ்வாறு ஊகிக்கலாகாது. இரண்டாம் மாடியில் வழங்கும் படி வாசகத்தை ஒன்பது இலக்கமாகக் கொண்டு இறுதியில் 9 சேர்க்கிறது. இது இடைச்செருகல் என்பது என் துணிபு. அங்கிள் வேண்டியதற்கு மேல் ஓர் இலக்கமும் எழுதக்கூடியவர் அல்லர். எட்டு எழுத்துக்குக் குறைந்த கடவுச்சொல்லை டபிள்யூ.பி.ஏ.2 ஏற்பதில்லை; அந்தக் கட்டாயம் இல்லாதிருந்தால் அவர் நாலோடு நிறுத்தியிருப்பார் (உளவியல் அணுகுமுறை; விரிவுக்கு அவர் ஊற்றும் தயிரின் அளவைக் காண்க). முதல் மாடிப் படியில் கடைசி எழுத்து 8 அன்று, ஆங்கில பி என்கிறார்கள். அப்படியைப் பெயர்த்தெழுதியவர் இரவுப்பணி முடிந்து வந்த எல்1 என்பதால் ஏடெழுதுவோர் பிழையாகத் தள்ளப்படுகிறது. மாறுபடுவோர் சுவரை நேரில் பாராதவர்கள். பார்த்தவர்கள் என்றால் கண்ணாடி மாற்ற வேண்டியவர்கள்.

இச்சிக்கல் குறித்து இரு மாடிகளுக்கும் இடையே வாட்ஸ்அப் குழுவில் நெடிய விவாதம் நிகழ்ந்தது (குழு உரையாடல், செவ்வாய் இரவு, 11 மணிக்கு மேல், நடுவே யாரோ அனுப்பிய குட்மார்னிங் ரோஜா கால ஆராய்ச்சிக்கு இடையூறு செய்கிறது, நீக்கப்பட்ட செய்திகள் இரண்டினுள் ஒன்று என் கருத்தையே வலியுறுத்தியிருக்கக்கூடும்). இதற்கிடையில் சமையல் அண்ணன், சுவரைப் பார்க்காமலே, மாவு ஒட்டிய விரலால் எட்டு இலக்கத்தையும் தட்டி ஒவ்வொரு புது ஆளின் போனையும் இணைத்துக் கொடுத்துவருகிறார். இது எழுத்தாதாரமற்ற வாய்மொழி மரபு. ஆய்வுலகம் இதைச் சான்றாகக் கொள்வதில்லை.

கடவுச்சொல்லைக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் நிஸ்ட் 2017இல் வழிகாட்டியது. இணைப்பு வாங்கிய நாள் முதல் அங்கிள் இதைக் கடைப்பிடித்துவருகிறார். தலைவனின் அலுவலகம் இன்னும் மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மேலைநாட்டாருக்கு முன்பே நாம் கண்டறிந்தவை என்னும் நூல்வரிசைக்கு இது ஒரு தனித் தொகுதி தரும்.

தகவல் பாதுகாப்பின் மூன்று தூண்கள் மறைவு, முழுமை, கிடைப்பு என்று பாடநூல்கள் ஓதும். மறைவு மேலே ஆராயப்பட்டது. முழுமை: நோட்டில் தலைவனின் சொந்த ஊர் திருப்பதி என்று பதிவாகியுள்ளது. சொல்லிப் பார்த்தான்; “ரெண்டும் தி-தானே தம்பி” என்று விடை வந்தது.

கிடைப்பு என்பதை முன்பணத்தைக் கொண்டே அளக்க இயலும். பி.ஜி.யை விட்டுத் தனி வீடு பார்ப்பவரிடம் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெங்களூரில் நெடுநாள் வழக்கம். குடியிருப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது 2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம். அதை எடுத்துக்காட்டிப் பேசியவர் எவருக்கும் வீடு கிடைத்ததாகக் களப்பணியில் தெரியவரவில்லை. காலி செய்யும்போது பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. பி.ஜி.க்குக் கொடுத்த முன்பணத்தில் மிச்சம் எப்போது கிடைக்கும் என்பதற்கான முதன்மைத் தகவலாளர் அங்கிளே. “அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி” என்றார் (அங்கிள், தொலைபேசி, மூன்றாம் அழைப்பு, முதலிரண்டும் எடுக்கப்படாமையால் மேற்கோளுக்குத் தகுதி பெறவில்லை, பின்னணியில் குக்கர் விசில், எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு உண்டு). அந்த வாரம் வந்ததும் இவ்வியல் எழுதப்பட்டு, ஆய்வு முனைவர் பட்டத்துக்கு விரிக்கப்படும்.