காப்பிக்கொட்டைக்கு இருக்கிற வசதி

கேரவன் என்றதும் நம் ஆட்களுக்குப் படப்பிடிப்புத்தளம்தான் ஞாபகம் வரும். இரண்டு ஷாட்டுக்கு நடுவே நடிகர் ஏறிக்கொள்ளும் ஏசி வண்டி. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது ஏரிக்கரை, மடக்கு நாற்காலி, விடுமுறை. தமிழ்நாட்டின் அசல் கேரவன்வாசிகளைப் பார்க்க எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போக வேண்டும். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுகிற நாட்களில், காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் பக்கம் வரை ஒரு நீளமான கடலோர முகாம் நடக்கும். பம்ப் ஸ்டவ்வில் சமையல், குடத்துத் தண்ணீரில் குளியல், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் தூக்கம். கடல் பார்த்த இடம், வாடகை கிடையாது. எப்போது காலி செய்வது என்பது மட்டும் தங்குகிறவர் கையில் இல்லை. உலகத்துக் கேரவன்காரர்கள் எல்லாரையும் படுத்துகிற கேள்வி இவர்களையும் படுத்துகிறது: ராத்திரி ஜன்னலை எவ்வளவு திறந்து வைப்பது? நிறையத் திறந்தால் செல்போன் போய்விடும். மூடினால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. தூங்குகிற மனிதர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் ஈரத்தை வெளியே விடுகிறார். பெரிய லாரியின் கேபினில் 6 கன மீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 24 டிகிரியில் அந்தக் காற்றால் சுமார் 130 கிராம் ஈரத்தைத்தான் தாங்க முடியும். மார்கழி ராத்திரியில் கடலோரக் காற்று ஏற்கெனவே 85 சதவீதம் நனைந்தே வருவதால், மிச்சம் இருக்கிற இடம் வெறும் 20 கிராம். டிரைவரும் கிளீனரும் படுத்த கால் மணி நேரத்தில் அதுவும் நிரம்பிவிடும். அதற்கப்புறம் விடுகிற ஒவ்வொரு மூச்சும் கண்ணாடியில்தான் போய் உட்கார வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு வரிசை பத்தடி நகரும். பின்னால் இருப்பவர் ஹாரனை அழுத்துவார். டிரைவர் எழுந்து, தோள் துண்டால் கண்ணாடியில் ஒரு வட்டம் துடைத்து, அதன் வழியாக முன்னால் நிற்கும் டிரெய்லரின் சிவப்பு விளக்கைக் கண்டுபிடிப்பார். அந்தத் துண்டு அப்புறம் காயவே காயாது. கேபினுக்குள் வீசும் வாசனையில் பாதி அதனுடையது.

இந்த விஷயத்தில் கப்பல்காரர்கள் நமக்கு முன்னாலேயே முடிவுக்கு வந்துவிட்டார்கள். சரக்கு அறைக்குக் காற்று விடலாமா கூடாதா என்பதற்கு அவர்களிடம் ஒரு பழைய விதி உண்டு. காற்றிலிருக்கும் ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். வெளிக்காற்றின் பனிநிலை உள்ளே இருப்பதைவிடக் குறைவென்றால் திற; அதிகமென்றால் மூடு. கப்பல் அதிகாரிகள் இதை அளந்து குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். சரக்கு நனைந்துவிட்டது என்று பிறகு யாராவது வழக்குப் போட்டால் காட்ட வேண்டுமே. இதே விதியை லாரி கேபினுக்கு வைத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்வரை, ஏசி ஓடாத கேபினின் ஈரம் வெளியைவிட எப்போதும் ஒரு படி மேலேதான் இருக்கும். ஆகவே விதி சொல்வது ஒன்றே ஒன்று: திற. மழையோ, புழுக்கமோ, சென்னையின் எந்த மாதமோ, விடை மாறாது. மாறாத விடை கிடைத்த பிறகு ஜன்னல் எத்தனை விரல் திறப்பது என்று ராத்திரிக்கு ராத்திரி யோசிக்க விடுவது அநியாயம். திறப்பு, வண்டியிலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும். கை நுழைய முடியாததாகவும் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு திறப்பு சாத்தியமா என்று கேட்பவர்கள், அதே லாரிகளின் பின்பக்கத்தைப் பார்க்கலாம். வெப்பநாட்டில் ஏற்றிய பெட்டி குளிர்நாட்டை நெருங்கும்போது, உள்ளிருக்கும் ஈரம் மேலெழும்பி, குளிர்ந்த கூரைத் தகட்டில் பட்டு, சொட்டுச் சொட்டாகச் சரக்கின்மேல் விழும். அந்தத் தொழிலில் இதைக் கன்டெய்னர் மழை என்றே சொல்கிறார்கள். பச்சைக் காப்பிக்கொட்டை இதில் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார். அதனால் காப்பிக்கென்றே காற்றோட்டக் கன்டெய்னர் செய்தார்கள். பக்கவாட்டில், மேல் சட்டத்திலும் கீழ் சட்டத்திலும் நீளவாக்கில் திறப்புகள். உள்ளே தகடுகள் வளைந்து வளைந்து போகும். கீழே புகும் காற்று சூடாகி மேலே வெளியேறும். மழைச்சாரலும் அலைத்தெறிப்பும் அந்த வளைவுகளைத் தாண்டாது. விரலும் தாண்டாது. சாதாரணக் கன்டெய்னரில் போனாலும் காப்பிக்கு மரியாதை குறைவதில்லை: சுவரில் அட்டை ஒட்டுவார்கள், ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவார்கள். இத்தனைக்கும் காப்பி கொஞ்சம் நனைந்தாலும் ஒரு வழி இருக்கிறது. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் கடற்காற்று குடித்து வெளுத்துப் போன மலபார்க் கொட்டையின் ருசிக்கு ஐரோப்பியர்கள் பழகிப்போனார்கள். கப்பல் பயணம் சுருங்கி அந்த ருசி போனபோது, பருவமழைக் காற்றில் கொட்டையை வேண்டுமென்றே ஊறவைத்து விற்கத் தொடங்கினார்கள். இன்றும் அதற்குத் தனி விலை. ஊறிய டிரைவருக்கு அப்படியொரு சந்தை இதுவரை அமையவில்லை.

ஏசி வந்துவிட்டதே என்பார்கள். உண்மைதான். 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதி 2025-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் அது புது வண்டிக்கு. துறைமுக வரிசையில் நிற்பவற்றில் பல, விதி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பிறந்தவை. இரண்டாவது, அந்த ஏசிக்கு இன்ஜின் ஓட வேண்டும், இன்ஜினுக்கு டீசல் வேண்டும். நின்ற இடத்தில் ராத்திரி முழுக்க இன்ஜின் ஓடியதென்று தெரிந்தால் முதலாளி போடும் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது. மூன்றாவது, ஏசி பெரும்பாலும் உள்காற்றையே சுற்றிச் சுற்றி விடும், புதுக்காற்று கொண்டுவராது. கண்ணாடியும் தப்பாது: கேபின் குளிர்ந்ததும் எண்ணூர்க் காற்றின் ஈரம் வெளிப்புறமாக வந்து படியும், துண்டுக்குப் பதில் வைப்பர். நகைச்சுவைக்கு இடமில்லாத காரணமும் ஒன்று உண்டு. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் ஏசி போட்டுத் தூங்கிய இருவர் இறந்துபோனார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது. நின்ற வண்டியில் ஏதாவது ஒரு இன்ஜின் ஓடினால், மூடிய கேபின் பாதுகாப்பான இடமென்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

வெளிக்காற்று மட்டும் என்ன வாழ்கிறது என்ற ஆட்சேபணைக்குத்தான் வலு அதிகம். ஜீரோ கேட்டைப் பார்த்து நிற்கும் லாரிக்குக் கடல் இடது பக்கம், மணலி சுத்திகரிப்பு ஆலை வலது பக்கம். பகலில் கடற்காற்று கிளீனருக்கு. ராத்திரி நிலக்காற்று மணலி மணத்தோடு டிரைவருக்கு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம் கடலில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, ஊர் மக்களே வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. ஆகவே திறப்புக்கு உள்ளிருந்து இழுத்து மூடும் ஒரு சறுக்குத் தகடு அவசியம். ஆனால் என்றோ ஒரு ராத்திரி மூட வேண்டியிருக்கும் என்பதற்காக மிச்ச ராத்திரிகளெல்லாம் மூடிக் கிடப்பது கணக்குக்கு ஒத்துவராது. கொசுவுக்கும் இதே பதில்தான்: மூடிய கேபினில் சுருள் கொளுத்தினால் கொசுவும் டிரைவரும் ஒரே புகையில் இருப்பார்கள், திறப்பில் வலை அடித்தால் இருவரும் பிரிந்து இருக்கலாம்.

டிரைவர் இறங்கி ஓய்வறையில் படுக்கட்டுமே என்று சொல்கிறவர்கள் வரிசையில் நின்றதில்லை. வரிசை எப்போது நகரும் என்று அதற்கே தெரியாது. தவிர, ஆளில்லாத லாரியின் டீசலும் பேட்டரியும் விடியும்வரை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் தர ஆளில்லை. டிரைவர் அங்கே தூங்கவில்லை, தூங்கிக்கொண்டே காவல் காக்கிறார். வண்டியைக் காக்கிறவருக்கு வண்டி காற்றுக் கொடுக்கட்டும்.

எண்ணூரிலேயே லாரித் தொழிற்சாலை இருக்கிறது. கூண்டு கட்டும் பட்டறைகளுக்கு நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் குறைவில்லை. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கதவின் அடியில் ஒன்று, எதிர்ப்புறக் கூரையோரம் ஒன்று என வளைவுத் தகடு வைத்த இரண்டு திறப்புகள் போடுங்கள். மேலே இருப்பதில், காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு சின்ன பேட்டரி விசிறி மாட்டுங்கள். ஜன்னலுக்குக் கம்பி வலை கேட்கிறவர்களுக்குப் போட்டுக் கொடுங்கள்; ஆனால் போல்ட் போட்டு இறுக்காதீர்கள். எரிவாயு டேங்கர்களும் நிற்கிற சாலை அது. வலை உள்ளிருந்து ஒரே இழுப்பில் திறக்க வேண்டும்.