போனைக் கேட்டுப் பூப்பறிக்கிற தம்பிக்கு

தம்பி, பூவின்ரை பேர் அறிய வேணுமெண்டால் செடியைப் பார்க்கவே கூடாது. போனை நீட்டு; இலையும் தண்டும் படத்தில் விழாமல் பூவை மட்டும் பிடி. அது 'டெய்ஸி' எண்டு சொல்லும். உடனே சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிப்போடு. சீமைப் புல்தரைப் பூ தலைமன்னார் வெயிலுக்கு எப்பிடி வந்ததெண்டு ஆரும் கேட்டால், வள்ளத்தில வந்ததெண்டு சொல்லு. இந்தக் கரையில அதை நம்பாத ஆள் இல்லை.

என்னைப்போல வேலையில்லாத கிழடுகள்தான் குந்தியிருந்து பார்க்கும். சாணளவு காம்பு, அதில இலையே இல்லை, நுனியில ஒரேயொரு பூ. ஓரத்தில வெள்ளையாய் அஞ்சு இதழ், ஒவ்வொண்டின்ரை நுனியிலும் மூண்டு பல்லு. கீழ இலைகள் சோடி சோடியாய், மயிரடர்ந்து சொரசொரப்பாய். அதுதான் மூக்குத்திப்பூண்டு. வெட்டுக்காயத்துக்குச் சாறு பிழியிறது இதைத்தான். நடு மஞ்சளைப் பிச்சுப் பார், ஒவ்வொரு துணுக்கும் தனிப் பூ! அந்த வெள்ளை இதழும் தனித்தனிப் பூதான். ஒண்டெண்டு நீ பறிச்சது ஒரு குடியிருப்பையே. மத்திய அமெரிக்காதான் இதுக்குப் பிறந்த ஊர். பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கு ஆபிரிக்கா. ரெண்டிட்டையும் இதுவரைக்கும் ஆரும் அடையாள அட்டை கேட்கேல்லை.

கடற்கரைக்குப் போனால் அடம்பன் கொடிக்கும் இராவணன் மீசைக்கும் நடுவில வேற மஞ்சள் பூ ஒண்டு மணலோடை ஒட்டிக் கிடக்கும். எழுத்தாணிப்பூண்டு. இலையைக் கிள்ளினால் பால் வரும், மூக்குத்திப்பூண்டில வராது. ஒரு செடியைப் பிடுங்கப் பார்த்தால் ஓடுகொடி இழுபட்டு அடுத்ததும் கூடவே வரும். எங்கடை கலியாண வீட்டுக்கு ஒருத்தரைக் கூப்பிட்ட மாதிரித்தான். மாலைதீவுச் சனம் இதின்ரை இலையைத் தேங்காய்ப்பூவும் மாசியும் போட்டுத் தின்னும். நீ அதையும் படமெடுத்துவிட்டுப் பசியோடை வீட்டுக்குப் போ.

இன்னொண்டும் இருக்கு. கரட் இலை மாதிரி இலை, மிளகளவில வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாய். பாத்தீனியம். 1999இல் வவுனியாவில கண்டுபிடிச்சவை. இதுவும் மூக்குத்திப்பூண்டின்ரை குடும்பம்தான். எந்தக் குடும்பத்திலதான் ஒருத்தன் இப்பிடி இல்லை? தொட்டால் தோல் தடிச்சுக் கடிக்கும், சிலருக்கு மூச்சும் இழுக்கும். 'நல்ல வடிவான குட்டிப் பூ' எண்டு அதைக் கட்டிப்பிடிச்சுச் செல்பி எடுக்க ஆசையெண்டால் எடு தம்பி. முதலில நகத்தை மட்டும் கொஞ்சம் வளர்த்துக்கொள்.