ஆறு முட்டை, முப்பது வருஷம்

குற்றாலம் மலையடிவாரத்தில் பிடித்த மலைப்பாம்பை வீட்டில் வளர்த்து, குட்டிகளை விற்கலாமா?
– வாசகர், இலஞ்சி

கூடாது. மலைப்பாம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. பாம்பின் முட்டையையும் அந்தச் சட்டம் விலங்காகவே கணக்கில் வைக்கிறது. உங்கள் வீட்டுக் கூடையில் பொரித்தாலும் குட்டி அரசாங்கத்தின் சொத்து. சாரை, மண்ணுளி என்று வேறு பெயர் சொல்லியும் தப்ப முடியாது.

மகன் நண்பனிடமிருந்து ஆப்பிரிக்க பால் பைதான் ஜோடி வாங்கி வந்திருக்கிறான். வெளிநாட்டுப் பாம்புக்குத் தடையில்லை என்கிறானே?
– வாசகி, தென்காசி

பாதிதான் சொல்லியிருக்கிறான். அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பால் பைதான் அந்தப் பட்டியலில் உண்டு. குட்டி பிறந்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. அந்த நண்பனுக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்றும் கேளுங்கள். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. விலை கொடுப்பவர் இருப்பதால்தான் பெட்டிக்குள் அடைக்கிறார்கள்.

என் பால் பைதானுக்குப் பதிவு இருக்கிறது. முட்டை வைக்கச் செய்வது கஷ்டமா?
– வாசகர், சுரண்டை

கஷ்டமில்லை, என் கவலையே அதுதான். மூன்று வயதுக்கு மேல் உடல் தேறிய பெண் பால் பைதான் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு முட்டை இடும். 31, 32 டிகிரி வெப்பமும் ஈரப்பதமும் இருந்தால் இரண்டு மாதத்தில் பொரியும். கோழி முட்டைபோலப் புரட்டிவிடாதீர்கள், கரு செத்துப்போகும். முதல் தோல் உரித்த பிறகே குட்டி இரை எடுக்கும். சிலது வாரக்கணக்கில் வாய் திறக்காது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனி எலிக்குஞ்சு, நோய் வந்தால் பாம்பு வைத்தியம் தெரிந்த டாக்டர் எல்லாம் வேண்டும்.

அதற்குப் பிறகு? நல்ல பராமரிப்பில் 20, 30 வருஷம் உயிரோடு இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைதான் 2020இல் ஏழு முட்டை இட்டது; அதற்கு முன் 15 வருஷத்துக்கும் மேலாக அது ஆண் பாம்பையே நெருங்கவில்லை. ஜோடி சேர்க்கும் முன்பே ஆறு குட்டிக்கும் ஆறு வீடு பார்த்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வையுங்கள். குட்டி போடாமல் இருப்பதால் பாம்புக்கு ஒரு குறையும் வராது.

நிறம் நிறமாகக் குட்டி எடுக்கிறார்களே, அதில் என்ன தப்பு?
– மாணவர், கடையநல்லூர்

நிறத்தோடு நோயும் வந்தால் தப்புதான். ‘ஸ்பைடர்’ என்ற வகை பார்க்க அழகு. ஆனால் அதே மரபணுவால் தலை நடுங்கும், கழுத்து திருகும், இரையைக் கவ்வப்போனால் குறி தப்பும். தெரிந்தே அப்படி ஒரு உயிரைப் பிறக்க வைப்பதை எந்த அழகை வைத்தும் என்னால் ஏற்க முடியாது.

வளர்க்க முடியாமல் போனால் அருவிக் காட்டில் விட்டுவிடலாம் இல்லையா?
– வாசகர், செங்கோட்டை

தயவுசெய்து வேண்டாம். ஃப்ளோரிடாவில் வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் காட்டுக்குள் போய்ப் பெருகியதில் முயலும் ரக்கூனும் அருகிப்போயின. 2017இல் அவற்றைத் தேடிப் பிடிக்க நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் விமானத்தில் அழைத்துப் போனார்கள். இருவரும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றவர்கள். அந்த மலைப்பாம்புகள் கொண்டுவந்த நுரையீரல் ஒட்டுண்ணி அங்குள்ள நாட்டுப் பாம்புகளையும் கொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளுக்கு இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் வேறு இடமே இல்லை. அவற்றுக்கு அப்படி ஒரு நோயைக் கொடுத்துவிடாதீர்கள். முடியாது என்றால் வனத்துறையிடம் போய்ச் சொல்லுங்கள்.

என் பேரனுக்குப் பாம்பென்றால் உயிர். வளர்க்காமல் வேறு எப்படி ஆசையைத் தீர்ப்பது?
– தாத்தா, சங்கரன்கோவில்

சங்கன், பதுமன் என்ற நாகங்களைக் கும்பிடும் ஊர்க்காரர் கேட்கிறீர்கள், சந்தோஷம். லீவில் சென்னைக்குக் கூட்டிப்போய் கிண்டி பாம்புப் பண்ணையைக் காட்டுங்கள். அப்படியே வடநெம்மேலியில் இருளர்கள் விஷம் எடுப்பதையும் பார்க்கட்டும். 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அது. விஷம் எடுத்தபின் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஊரில் வயலோரம் சாரையும் நல்லபாம்பும் பிணைகின்றன என்று யாராவது கூப்பிட்டால் அவனையும் அழைத்துப் போங்கள். அநேகமாக இரண்டும் ஆண் சாரையாக இருக்கும், பெண்ணுக்காக மல்லுக்கட்டும். நம்பிக்கை என்று அவற்றின் மேல் வேட்டியைப் போடாமல், பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.