உருகவேண்டியது கம்பிதான்

எங்கள் கும்பகோணம் வீட்டில் விளக்கு அணைந்தால் முதல் கேள்வி, "நம்ம வீட்டுல மட்டுமா, தெருவுக்கேவா?" என்பதுதான். எதிர்வீட்டில் வெளிச்சம் தெரிந்தால் அப்பா டெஸ்டரையும் பியூஸ் கம்பிச் சுருளையும் எடுப்பார். "மெயினை அணைச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடிப்பாள்.

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகள் வரிசையாக இருக்கும். போன கட்டையைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கம்பி நடுவில் மட்டும் இற்றுப்போய், பீங்கான் சுத்தமாக இருந்தால் லோடு அதிகம். பீங்கானில் கரி அப்பியிருந்தால் எங்கோ ஷார்ட். அப்படியானால் புதுக் கம்பி போடுமுன் ஹோல்டர் ஹோல்டராகக் கழற்றிக் கருகிய வயரைத் தேடுவார். காரணம் தெரியாமல் கம்பி மாற்றக்கூடாது என்பதில் அவருக்கு அத்தனை பிடிவாதம். புதுக் கம்பியைப் பித்தளைத் திருகுகளில் வலப்புறமாகச் சுற்றுவார். அப்போதுதான் திருகு முடுக்க முடுக்கக் கம்பியும் இறுகும்.

அதற்காக அதுவே பொற்காலம் என்று சொல்லமாட்டேன். 5 ஆம்பியர் கம்பி தீர்ந்துவிட்டால் பழைய வயரிலிருந்து செம்பு இழையை உருவிக் கட்டிய வீடுகள் ஏராளம். ஓர் இழை அறுந்தால் மூன்று இழை. பிறகு கம்பி உருகாது, சுவருக்குள் ஓடும் வயர்தான் உருகும். ஷாக் அடித்தவரையும் பியூஸ் காப்பாற்றியதில்லை. உயிரைப் பறிக்கப் போதுமான சில பத்து மில்லி ஆம்பியர், 5 ஆம்பியர் கம்பிக்கு உறைக்கவே உறைக்காது. இன்று என் வீட்டில் பியூஸ் கட்டைக்குப் பதில், லோடு மீறினால் தானே விழும் எம்சிபி இருக்கிறது. கூடவே இருக்கும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைப்பதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. குழந்தைகள் ஈரக்கையோடு நடமாடும் வீட்டுக்கு இதைவிட நல்ல மாற்றம் வேறில்லை.

என் மனக்குறை விளக்கைப் பற்றியது. கூடத்தில் மாட்டியிருந்த 20 வாட் எல்இடி டியூப்லைட் திடீரென்று அணைந்தது. எம்சிபி விழவில்லை. எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் பண்ண முடியாது சார், புதுசு மாட்டிடலாம்." பழைய டியூப்லைட்டில் பட்டி, சோக், ஸ்டார்ட்டர் எல்லாம் தனித்தனி. ஸ்டார்ட்டர் போனால் அதை மட்டும் வாங்கி மாட்டினோம். இதில் முனை மூடியையே ஒட்டிவிட்டிருக்கிறார்கள்.

நெம்பித் திறந்தேன். ஒளிதரும் எல்இடிகளில் ஒரு குறையும் இல்லை. 230 வோல்ட்டை அவற்றுக்கு ஏற்ற நேர்மின்சாரமாக மாற்றும் டிரைவர் போர்டில் கெப்பாசிட்டர் சூட்டில் உப்பியிருந்தது. போர்டின் நுழைவாயிலில், பியூஸாகவும் வேலை செய்யும் ரெசிஸ்டர் ஒன்று கருகிக் கிடந்தது. மலிவான ஒன்று உருகி விலையுள்ளதைக் காப்பதற்காகத்தான் பியூஸ் வந்தது. இங்கே அந்தச் சின்னஞ்சிறு பொருளோடு முழு விளக்கும் குப்பைக்குப் போகிறது. 2015இல் வந்த மத்திய அரசின் உஜாலா திட்டம் எல்இடியை எளியவர் வீட்டுக்கும் கொண்டுசேர்த்தது. மின்சாரத்தை உண்மையாகவே மிச்சப்படுத்தும் பொருள் அது. அதை இப்படி எறிவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

சென்னை ரிச்சி தெருவில் டிரைவர் தனியாகக் கிடைத்தது. பழையதில் அச்சிட்டிருந்த வோல்ட்டும் மில்லி ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கி, சால்டரிங் வைத்தேன். விளக்கு எரிகிறது. ஆனால் எல்லா வீட்டிலும் சால்டரிங் அயர்ன் இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. கூரையில் பதிக்கும் விளக்குகள் பலவற்றில் டிரைவர் வெளியே, பிடுங்கிச் சொருகும் கனெக்டரோடுதான் வருகிறது. டியூப்லைட்டுக்கும் அதையே செய்யலாம். மூடிக்குப் பசைக்குப் பதில் இரண்டு திருகு, உள்ளே ஒரு கனெக்டர், அளவைத் தெளிவாக எழுதிய ஒரு லேபிள். இவை இருந்தால் தெருமுனை எலக்ட்ரிக்கல் கடைக்காரரே, முன்பு ஸ்டார்ட்டர் எடுத்துக் கொடுத்ததுபோல, டிரைவரையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்.