பெர்மிட்டும் பிளாக்கும்

1974-இல் மதுவிலக்கு திரும்ப வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். ஊறல் போட்டுப் பிடிபட்ட ஒருவரின் தலையிலேயே பானையை ஏற்றி, திருவாதவூர்த் தெருவழியாகப் போலீஸ் நடத்திப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வரவில்லை.

அதே நாட்களில் எங்கள் ஊர் ஓவாமலைக்கு வெள்ளைக்காரர்கள் வருவார்கள். சமண முனிவர்களின் கல்படுக்கைகளையும் பாறையில் வெட்டிய தமிழி எழுத்துகளையும் பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் பையில் அரசாங்கம் கொடுத்த மது பெர்மிட் இருக்கும். சட்டம் ஊர்க்காரனுக்கு; விருந்தாளிக்கு விலக்கு. அந்தப் பாகுபாடு அன்றே எனக்கு உறுத்தியது.

2019 ஏப்ரல் 17. மறுநாள் மக்களவைத் தேர்தல், மீனாட்சி தேரோட்டம், தல்லாகுளத்தில் அழகருக்கு எதிர்சேவை, மூன்றும் ஒரே நாளில். அதனால்தான் மதுரைத் தொகுதியில் மட்டும் ஓட்டுப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டியிருந்தார்கள். திருவிழா பார்க்க வந்த வெளிநாட்டுத் தம்பதி ஒன்று எங்கள் ஊருக்கும் வந்தது. மலையிலிருந்து இறங்கி, டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டலில் பீர் இல்லை என்கிறார்களே என்று கேட்டார்கள். போன மாதம்தான் பாங்காக்கிலும் இப்படியாம். மார்ச் 24 தாய்லாந்துத் தேர்தல்.

காரணம் சொன்னேன். 1996-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135சி பிரிவைச் சேர்த்தார்கள். ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் ஓட்டல், கடை, தனியார் இடம் எங்கும் மது விற்கவோ கொடுக்கவோ கூடாது. பிலிப்பைன்ஸ் தேர்தல் சட்டம் அனுமதி பெற்ற ஓட்டலில் குடிக்கும் வெளிநாட்டுப் பயணிக்கு விலக்குத் தருகிறது. நம்மிடம் அது இல்லை. குவார்ட்டர் கொடுத்து ஓட்டு வாங்கும் ஊரில் யாருக்கும் விலக்குக் கூடாது என்பதே என் எண்ணம். இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெஞ்சின் மறுமுனையில் இருந்த தம்பி குனிந்து, "சார், அவுகளுக்கு வேணும்னா சொல்லுங்க, சரக்கு இருக்கு. ரேட்டுதான் டபுள்" என்றான். கடை மூடுவதற்கு முந்தின நாளே பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துவிட்டார்களாம்.

அவன் சொன்னதைப் பெயர்த்துச் சொன்னேன். அவர்கள் வேண்டாம் என்றார்கள். அந்தப் பெண் மட்டும் கேட்டார்: "எங்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஓட்டுப் போடுகிறவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?"

அன்று பெர்மிட் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது. ஊர்க்காரனுக்குத் தலையில் பானை. இன்று சட்டத்தை முழுதாகக் கடைப்பிடிப்பவர் ஓட்டே இல்லாத பயணி. ஓட்டுள்ளவனுக்கோ பின்வாசலில் கிடைக்கிறது. யார் நிதானம் தவறாமல் பூத்துக்குப் போகவேண்டும் என்று இந்தச் சட்டத்தைப் போட்டார்களோ, அவனைத்தான் அது விட்டுவிடுகிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

விற்றவர் பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு பெட்டியில் 48 குவார்ட்டர். பாட்டிலுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாக வைத்தாலே ஒரு பெட்டியில் அபராதப் பணம் வந்துவிடும். 1996-இல் எழுதிய அந்தத் தொகையை முதலில் உயர்த்தட்டும்.